சங்கத்துக் கணிப்பொறியில் வெளிச் சரக்கு

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரத்திலும், அதற்கப்பால் திருவள்ளூர், பொதட்டூர்ப்பேட்டை வரையிலும் உள்ள கூட்டுறவுச் சங்கங்களில் கணிப்பொறி இல்லாத அலுவலகம் இன்று அரிதாகிவிட்டது. நெசவாளர் சங்கமாயின் கூலிப் பட்டியலும் நூல் இருப்பும் சேலை வடிவங்களும், விவசாயிகளின் சங்கமாயின் பயிர்க் கடன் கணக்கும் உர இருப்பும் அப்பெட்டிக்குள் புகுந்துவிட்டன. அப்பெட்டியை நடத்தும் இயங்குதளம் சில இடங்களில் விலைக்கு வாங்கியது. சில இடங்களில், வெளியே சொல்லக் கூசும்படி, விலை கொடாமல் நகலெடுத்தது. இவ்விரண்டும் வேண்டாமென்று லினக்ஸ் என்னும் திறந்த மூல இயங்குதளத்தை ஏற்றுக்கொண்ட சங்கங்களும் உண்டு. அச்சங்கங்களின் செயலாளர்களும் எழுத்தர்களும் ஆய்வுக்குச் செல்லும்போதெல்லாம் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று: இயங்குதளத்தோடு கூட வராத மென்பொருளை எந்தக் கருவியைக் கொண்டு சேர்ப்பது? ஆப்ட் என்கிறார் ஒருவர், பிளாட்பேக் என்கிறார் மற்றொருவர், ஸ்னாப் என்கிறார் வேறொருவர். இவற்றுள் எது உத்தமம்?

கேள்வி தொழில்நுட்பக் கேள்வியாகத் தோன்றுகிறது. என் அபிப்பிராயத்தில் இது கொள்முதல் பற்றிய கேள்வி. சங்கத்துக்கு நூலை எங்கே வாங்குவது, அக்கட்டின் மேல் யாருடைய முத்திரை இருக்கிறது, நூல் பழுதானால் யார் பதில் சொல்வார் என்று கேட்டுப் பழகிய நெசவாளர் சங்கத்தார்க்கு இதற்கு விடை காண்பது கடினமன்று.

முதலில் இயங்குதளத்தைப் பற்றிச் சில வார்த்தைகள். நம் மாநிலத்துக்கு லினக்ஸ் புதியதன்று. 2007-ஆம் ஆண்டு ஜனவரியில் சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் ‘பாஸ்’ என்னும் இயங்குதளத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளில் எழுதவும் படிக்கவும் வசதி செய்யப்பெற்ற தளம் அது. 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்கள் பெற்ற பொறிகளில் விண்டோஸுடன் இதுவும் சேர்ந்தே வந்தது. 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பி தளத்துக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோயின; அவ்வாண்டிலேயே தமிழக அரசு தன் துறைகளை பாஸ் தளத்தின் பக்கம் திரும்பும்படி அறிவுறுத்தியது. மடிக்கணினியைத் திறந்தவுடன் பாஸ் என்னும் பெயரைக் கண்டு, அதைத் தொடாமலே விட்ட பிள்ளைகள் நம் அங்கத்தினர்களின் வீடுகளில் நிறைய உண்டு. அவர்களுள் சிலர் இப்போது சங்கங்களில் எழுத்தர்களாக இருக்கிறார்கள்.

பாஸ் தளம் டெபியன் என்னும் மற்றொரு தளத்தை அடித்தளமாகக் கொண்டு கட்டப்பட்டது. டெபியனைப் பற்றிக் கூட்டுறவாளர்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1993-இல் இயன் மர்டாக் என்னும் அமெரிக்க மாணவர் அதைத் தொடங்கினார். 1997-இல் அதன் உறுப்பினர்கள் பயனீட்டாளர்களுக்கு அளிக்கும் வாக்குறுதிகளை ‘சமூக ஒப்பந்தம்’ என்று எழுதி ஏற்றுக்கொண்டனர். 1998-இல் அமைப்பு விதிகளை இயற்றினர். பல நாடுகளில் பரவியிருக்கும் ஏறத்தாழ ஆயிரம் உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். இலாபப் பங்கு இல்லை, பங்கு மூலதனம் இல்லை என்ற வேறுபாடுகளை ஒதுக்கிவிட்டுப் பார்த்தால் இது நமக்கு மிகப் பழக்கமான ஏற்பாடு. திருவள்ளூரை அடுத்த திரூரில் 1904-இல் விவசாயக் கடன் சங்கம் கண்ட நம் பகுதியினர்க்கு, துணை விதியும் வாக்கும் உள்ள ஓர் அமைப்பு எப்படி நடக்கும் என்று விளக்கவேண்டியதில்லை.

இந்த அமைப்பு ஒரு பண்டகசாலையை நடத்துகிறது. 2023 ஜூனில் வெளிவந்த டெபியன் 12-இல் 64,000-க்கு மேற்பட்ட மென்பொருள் பொதிகள் இருந்தன. அலுவலகக் கடிதங்களுக்கும் கணக்கு அட்டவணைகளுக்குமான லிப்ரே ஆபீஸ், படம் திருத்தும் கிம்ப், கோட்டோவியம் வரையும் இங்க்ஸ்கேப், தமிழ்99 விசைப்பலகைக்கு வேண்டியவை ஆகிய யாவும் அதிலேயே உள. அப்பண்டகசாலையிலிருந்து சரக்கை எடுத்துவரும் கருவியே ஆப்ட். 1999 மார்ச்சில் வந்த டெபியன் 2.1-லிருந்து அது வழக்கத்தில் இருக்கிறது. கறுப்புத் திரையில் கட்டளை தட்டுவதற்கு அஞ்சுகிறவர்களுக்காக அதையே படத்திரையில் காட்டும் சினாப்டிக் என்னும் கருவியும் உண்டு. உள்ளே வேலை செய்வது அதே ஆப்ட்தான்.

ஆப்ட் எப்படி வேலை செய்கிறது என்பதை அறிந்துகொண்டால் மற்றக் கருவிகளை எடைபோடுவது சுலபம். அது முதலில் பண்டகசாலையின் சரக்குப் பட்டியலைக் கொண்டுவருகிறது. அப்பட்டியலின்மீது மறைக்குறியீட்டுக் கையொப்பம் ஒன்று இருக்கும். அதைச் சரிபார்ப்பதற்குரிய திறவுகோல் நம் பொறியில் முன்கூட்டியே இருக்கிறது. கையொப்பம் பொருந்தாவிடில் பட்டியலை ஏற்காது. பட்டியலினுள் ஒவ்வொரு பொதிக்கும் அடையாள எண் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும். பொதியினுள் ஓர் எழுத்து மாறினாலும் அந்த எண் பொருந்தாது. ஆலையின் முத்திரையும் நூல் எண்ணும் கட்டின்மேல் இருப்பதோடு, ஒவ்வொரு சிட்டாவையும் தனித்தனியே நிறுத்துப் பார்ப்பதற்கு இது ஒப்பாகும். அடுத்து, ஒரு மென்பொருளுக்கு வேண்டிய துணைப் பொதிகளையும் அதுவே தேடிச் சேர்க்கிறது. பாவு வாங்கினால் அதற்குரிய ஊடையையும் தானே கொண்டுவந்து தரும் கிடங்கு எங்கே கிடைக்கும்! பிறகு பாதுகாப்புத் திருத்தம் வெளியாகும்போது, சேர்த்த பொதிகள் யாவும் ஒரே கட்டளையில் புதுப்பிக்கப்படுகின்றன.

ஆகவே, பண்டகசாலையில் இருக்கும் பொருளை வெளியே தேடலாகாது என்பதே முதல் விதி. இது எல்லார்க்கும் தெரிந்ததுபோல் தோன்றினாலும் நடைமுறையில் மீறப்படுவது இதுவே. இணையத்தில் பெயரைத் தேடி, முதலில் கண்ணில் படும் பொத்தானை அழுத்திப் பதிவிறக்கும் பழக்கம் விண்டோஸ் நாள்களிலிருந்து நம் எழுத்தர்களின் விரல்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

எனினும் பண்டகசாலையில் இல்லாத பொருள்களும் சங்கத்துக்கு வேண்டியிருக்கின்றன. நான் கண்ட அளவில் அவை மூன்று வகை. அச்சுப்பொறி, மின்னணுக் கையொப்பச் சாவி ஆகியவற்றுக்குரிய இயக்கிகள் ஒரு வகை. நெசவு வடிவமைப்பு மென்பொருள் ஒரு வகை. ஜக்கார்டு, டாபி நெசவுக்கென்று டிஜிட்டல் இந்தியா நிறுவனம் உருவாக்கிய டிஜிபுனாய் என்னும் திறந்த மூல மென்பொருள் இதற்கு உதாரணம். மூன்றாவது, பண்டகசாலையில் பழைய பதிப்பு இருக்க, புதிய பதிப்பு வேண்டும் என்ற ஆசை.

முதல் வகையில்தான் அபாயம் அதிகம். ஆகவே அதைச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். சில அச்சுப்பொறிகள் தம்மைச் செய்த கம்பெனியின் தனிமொழியிலன்றி வேறு மொழியில் பேசமாட்டா. கையொப்பச் சாவியும் அப்படியே. அதன் இயக்கி இல்லாமல் வருமான வரிப் படிவத்திலோ ஜி.எஸ்.டி. படிவத்திலோ செயலாளர் அச்சாவியைக் கொண்டு ஒப்பமிட இயலாது. இவ்வியக்கிகளைக் கம்பெனிகள் டெபியன் பொதி வடிவில் தனிக் கோப்பாகத் தருகின்றன. அக்கோப்பைச் சேர்க்கும்போது நடப்பதைப் பலர் அறியார். பொதியினுள் கோப்புகள் மட்டும் இருப்பதில்லை. சேர்க்கும் முன்பும் பின்பும் ஓடவேண்டிய கட்டளைத் தொகுப்புகளும் இருக்கலாம். அவை தலைமை அதிகாரத்தோடு ஓடுகின்றன. அதாவது, அந்தச் சில விநாடிகளுக்குச் சங்கத்தின் பெட்டகச் சாவி, பணப்பெட்டிச் சாவி, பேரேட்டு அலமாரிச் சாவி யாவும் பொதியைச் செய்தவர் கையில் இருக்கின்றன. அவர் நல்லவராயின் கவலையில்லை. அவர் யார் என்றே நமக்குத் தெரியாவிடில்?

ஒரு நெசவாளர் சங்கத்தில் நடந்ததைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம். புதிய அச்சுப்பொறி வந்தது; அச்சிட மறுத்தது. எழுத்தர் ஆர்வமுள்ள இளைஞர். இணையத்தில் ஒரு குறிப்பைக் கண்டு அதன்படி செய்தார். அக்குறிப்பு உபுண்டு என்னும் தளத்துக்காக எழுதப்பட்டது. உபுண்டுவும் டெபியனின் வழிவந்ததே; ஆயினும் அதன் பொதிகள் வேறு பதிப்பு அடிப்படை நூலகங்களை எதிர்பார்த்துக் கட்டப்பட்டவை. உபுண்டுக்காரர்களின் தனிக் கிடங்கு ஒன்றைப் பட்டியலில் சேர்த்ததும், ஆப்ட் தன் கடமையைச் செய்தது. அங்கிருந்த புதிய துணைப் பொதிகளைக் கொண்டுவந்து பழையவற்றின் இடத்தில் வைத்தது. வைத்தபோது எவை எவை நீக்கப்படும் என்று திரையில் நீண்ட பட்டியலும் காட்டியது. ‘ஆம்’ என்று தட்டிவிட்டார். மறுநாள் திரையில் சாளரங்கள் இல்லை. கறுப்புத் திரையும் ஒரு சிமிட்டும் கோடுமே இருந்தன. தரவு ஒன்றும் அழியவில்லை. ஆனால் அது சனிக்கிழமை. கூலிப் பட்டியல் அச்சாகவேண்டிய நாள். வாரம் முழுவதும் தறியில் உட்கார்ந்தவர்கள் திங்கட்கிழமை மாலை வரை காத்திருந்து கூலி பெற்றனர். அம்பத்தூரிலிருந்து வந்த பழுது பார்ப்பவர் தளத்தைப் புதிதாக நிறுவிக் கொடுத்தார்.

இளைஞர்மீது குற்றம் சொல்ல எனக்கு மனமில்லை. ஒரு குடும்பத்து அண்ணன் தம்பியர் இருவர்க்கும் ஒரே அளவுச் சட்டை தைத்ததுபோன்ற காரியம் அது. தைத்தவர் ஒருவர், அணிந்தவர் ஒருவர். டெபியன் பொதி வடிவில் இருக்கும் கோப்பு ஒவ்வொன்றும் டெபியனுக்கு உகந்தது என்ற எண்ணமே தவறு. டெபியன் அமைப்பினரே, வெவ்வேறு தளங்களின் கிடங்குகளைக் கலப்பதால் வரும் கேட்டை எச்சரித்துத் தனிப் பக்கம் ஒன்று எழுதி வைத்திருக்கின்றனர். ஆகவே இயக்கி வேண்டுமாயின், பொருளைச் செய்த கம்பெனியின் சொந்த இடத்திலிருந்து மட்டும் எடுக்கவேண்டும். நம் தளத்தின் பெயரும் பதிப்பும் அங்கே குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். ஜிடெபி போன்ற கருவியால் பொதியைத் திறந்து, அது என்ன துணைப் பொதிகளைக் கேட்கிறது என்று வாசித்த பின்னரே சேர்க்கவேண்டும். நீக்கப்படும் பொதிகளின் பட்டியல் திரையில் வந்தால் அங்கேயே நிறுத்திவிடுக. இதைவிடச் சிறந்த வழி ஒன்று உண்டு. அச்சுப்பொறி வாங்கும் முன்பே, லினக்ஸில் தனி இயக்கியின்றி இயங்குமா என்று விலைப்புள்ளி கேட்கும் கடிதத்திலேயே ஒரு வரி எழுதிவிடலாம். அப்படி இயங்குபவை கடையில் தாராளமாகக் கிடைக்கின்றன.

இரண்டாம், மூன்றாம் வகைகளுக்கு வருவோம். இங்கேதான் பிளாட்பேக், ஸ்னாப், ஆப் இமேஜ் என்னும் புதுக் கருவிகளின் பேச்சு எழுகிறது. இவை மூன்றும், மென்பொருளைத் தளத்தின் அடிப்படை நூலகங்களில் கை வைக்காமல், தனக்கு வேண்டியதைத் தானே சுமந்துகொண்டு வரும்படி செய்கின்றன. கட்டுச்சோறோடு வரும் விருந்தாளி என்று சொல்லலாம். நம் அடுப்பை அவர் தொடுவதில்லை.

ஓர் உதாரணம். கிம்ப் 3.0 பதிப்பு 2025 மார்ச்சில் வெளிவந்தது. டெபியன் 12-இன் பண்டகசாலையிலோ 2.10 பதிப்பே உண்டு. அத்தளத்தின் ஆயுள் முழுவதும் அதுவே இருக்கும். டெபியன் தன் நிலைப் பதிப்பில் பிழை திருத்தங்களை அன்றிப் புதுமைகளைப் புகுத்துவதில்லை. கணக்கு வைக்கும் பொறிக்கு அது பெரும் நன்மை. ஆனால் புதிய பதிப்பில் வடிவம் வரைந்து பழகிவந்த நம் வடிவமைப்பாளர் பழையதில் சங்கடப்படுகிறார். கிம்ப் செய்வோரே பிளாட்பேக் வடிவிலும் அதை வெளியிடுகின்றனர். அதைச் சேர்த்தால் பழைய கிம்பும் இருக்கும், புதியதும் இருக்கும், தளமும் குலையாது. தலைமை அதிகாரம் இன்றியே ஒருவர் கணக்குக்கு மட்டும் சேர்க்கவும் வழி உண்டு. முதல் பிளாட்பேக்கைச் சேர்க்கும்போது நூற்றுக்கணக்கான மெகாபைட் இறங்கும். சங்க இணைப்பு மெதுவானதாயின் மாலையில் தொடங்கிவிட்டு வீடு செல்வதே நலம். அடுத்தடுத்தவை அதே அடித்தளத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் அவ்வளவு ஆகாது.

பிளாட்பேக்கில் ஒவ்வொரு மென்பொருளுக்கும் வேலி ஒன்று உண்டு. எந்தக் கோப்புகளைப் பார்க்கலாம், இணையத்தைத் தொடலாமா என்பன குறிக்கப்பட்டிருக்கும். வேலியை நம்பி ஏமாறலாகாது. சில மென்பொருள்கள் வீடு முழுவதற்கும் திறவுகோல் கேட்டுக்கொண்டே வருகின்றன. பிளாட்சீல் என்னும் சிறு கருவியால் அந்த அனுமதிகளைக் கண்டு குறைக்கலாம். பிளாட்ஹப் என்னும் அதன் பெரிய கிடங்கில், மென்பொருளைச் செய்தவர்களே இட்டதா, பிறர் கட்டி இட்டதா என்பதைக் காட்டும் சரிபார்ப்புக் குறியும் இருக்கிறது. அக்குறி இல்லாததைச் சங்கப் பொறியில் சேர்க்கவேண்டாம் என்பேன்.

ஸ்னாப் வழியும் ஏறத்தாழ இதுபோன்றதே. உபுண்டுவை நடத்தும் கெனானிகல் கம்பெனி ஒன்றே அதன் கிடங்கை நடத்துகிறது. புதுப்பித்தலும் நம்மைக் கேளாமல் தானாகவே நடக்கிறது. கவனிப்பார் இல்லாத பொறிக்கு அது வசதி. ஆயினும் 2018 மே மாதத்தில் அக்கிடங்கில் விளையாட்டு மென்பொருள் ஒன்றினுள், பயனீட்டாளரின் பொறியைத் திருட்டுத்தனமாக மறைநாணயம் ஈட்ட உழைக்கச் செய்யும் நிரல் கண்டுபிடிக்கப்பட்டது. யார் வேண்டுமாயினும் சரக்கு வைக்கலாம் என்ற கிடங்கில் இத்தகைய வைக்கோல் பொதி கலப்பது இயல்பு. ஆப் இமேஜ் ஒரே கோப்பு. பதிவிறக்கி, ஓட அனுமதி கொடுத்தால் ஓடும். பெரும்பாலும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளாது, தானே வேலி கட்டிக்கொள்ளவும் செய்யாது. ஒரு மென்பொருளை வெள்ளோட்டம் பார்ப்பதற்கு ஏற்றது. நித்தியப் பயனுக்கு வேண்டாம்.

விண்டோஸுக்கென்று எழுதிய கணக்கு மென்பொருளை லினக்ஸில் ஓட்டுவதற்கு ‘ஒயின்’ என்ற கருவியும் உண்டு. பெயரைக் கண்டு மதுவிலக்கு அன்பர்கள் அஞ்சவேண்டாம். சிறு மென்பொருள்கள் அதில் நன்றாகவே ஓடுகின்றன; ஆனால் அங்கத்தினர்களின் சிக்கன நிதிக் கணக்கை அதன்மீது ஏற்றுவதை நான் ஆதரிக்கமாட்டேன். கணக்கு தப்பினால் மென்பொருள் கம்பெனியும் பொறுப்பேற்காது, ஒயின் செய்தவர்களும் பொறுப்பேற்க இயலாது.

எல்லாவற்றிலும் கொடியது வேறொன்று. ‘இவ்வொரு வரியை ஒட்டி நுழைவு விசையை அழுத்துக’ என்று இணையப் பக்கங்கள் தரும் கட்டளையே அது. அவ்வரி எங்கோ இருக்கும் கட்டளைத் தொகுப்பை எடுத்து, படித்தும் பாராமல், தலைமை அதிகாரத்தோடு ஓட்டிவிடுகிறது. எழுதாத காசோலையில் ஒப்பமிட்டுத் தெருவில் போவோரிடம் கொடுப்பதற்கு இது சமம்.

அப்படியானால் டெபியன் பண்டகசாலையிலிருந்து வந்தது என்றாலே பத்திரமா? 2024 மார்ச் 29 அன்று வெளிவந்த செய்தியை இங்கே கூறாமலிருப்பது நேர்மையாகாது. கோப்புகளைச் சுருக்கும் எக்ஸ்-இசட் என்னும் சிறு கருவியினுள் கள்ள வாசல் ஒன்று வைக்கப்பட்டிருந்தது. வைத்தவர் இரண்டு ஆண்டுகளுக்கு மேலாக நல்ல தொண்டர்போல் உழைத்து, அதைப் பராமரிக்கும் உரிமையையே பெற்றவர். ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்னும் பொறியாளர், தொலைவிலிருந்து பொறிக்குள் நுழைவதற்கு வழக்கத்தைவிட அரை விநாடி அதிகமாவதைக் கவனித்தார். அச்சிறு தாமதத்தின் காரணத்தைத் துருவிச் சென்றே கள்ள வாசலைக் கண்டார். தறியின் ஓசை மாறியதைக் கேட்டே இழை அறுந்ததை அறியும் நெசவாளரின் காது அவருக்கு! டெபியனின் சோதனைப் பதிப்புகளில் அக்கருவி புகுந்துவிட்டது. நிலைப் பதிப்பில் புகவில்லை. புதியதை அவசரப்பட்டு ஏற்காத வழக்கம் காப்பாற்றியது. மூலம் திறந்திருந்ததால்தான் வெளியார் ஒருவர் அதைத் துருவ முடிந்தது என்பதையும் மறக்கலாகாது.

இனி அலுவலக நடைமுறை. சங்கத்தில் ஒரு நாற்காலி வாங்கினாலும் தளவாடப் பதிவேட்டில் ஏறுகிறது. கணிப்பொறியில் சேர்க்கும் வெளிச் சரக்கு எதிலும் ஏறுவதில்லை. இதற்கென ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மென்பொருளின் பெயர், எங்கிருந்து எந்த வழியாக வந்தது, எதற்காக, யார் சேர்த்தார், எந்தத் தேதியில், புதுப்பித்தல் தானாக நடக்குமா, நாம் செய்யவேண்டுமா என்பன எழுதப்பட்டால் தணிக்கைக்கு வருபவர்க்கும் உதவும். பண்டகசாலைப் பொதிகளை எழுதவேண்டியதில்லை. அவற்றை ஆப்ட் தானே குறித்து வைத்திருக்கிறது. தலைமை அதிகாரம் கேட்கும் வெளிப் பொதி எதுவாயினும் செயலாளரின் எழுத்து மூலமான சம்மதம் பெற்றே சேர்ப்பது என்று நிர்வாகக் குழு ஒரு தீர்மானம் இயற்றினால், எழுத்தர்க்கும் அது பாதுகாப்பு. இரு பொறிகள் உள்ள சங்கங்கள், கணக்குக்கு ஒன்று, வடிவமைப்புக்கு மற்றொன்று என்று பிரித்துவிடுவது எல்லாவற்றிலும் மேல். கணக்குப் பொறியில் பண்டகசாலைச் சரக்கும் கையொப்பச் சாவி இயக்கியும் தவிர வேறொன்றும் இருக்கலாகாது. வடிவமைப்புப் பொறியில் டிஜிபுனாயும் புதிய கிம்பும் வைத்துக்கொள்ளட்டும். அங்கே தவறு நேர்ந்தால் ஒரு சேலையின் முந்தானை தாமதமாகும், கூலி தாமதமாகாது.

அந்த நோட்டுப் புத்தகத்தின் முழுப் பயனும் தளத்தை மேம்படுத்தும்போது தெரியவரும். டெபியன் ஏறத்தாழ 2 ஆண்டுகளுக்கு ஒரு புதிய நிலைப் பதிப்பை வெளியிடுகிறது. ஒவ்வொன்றுக்கும் 3 ஆண்டுகள் முழுப் பராமரிப்பும், அதன்பின் 2 ஆண்டுகள் நீட்டித்த பராமரிப்பும் உண்டு. பாஸ் தளத்தின் பதிப்புகளும் அதைத் தொடர்ந்தே வருகின்றன. மேம்படுத்தும் முன் வெளிப் பொதிகளை நீக்கிவிடுவது நல்லதென்று டெபியன் வெளியீட்டுக் குறிப்புகளே கூறுகின்றன. எவை வெளிப் பொதிகள் என்று தெரிந்தாலன்றோ நீக்குவது! புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக நீக்கி, வெளிக் கிடங்குகளைப் பட்டியலிலிருந்து எடுத்து, தரவு முழுவதையும் தனி வட்டில் நகலெடுத்த பின் தொடங்கவேண்டும். முடிந்ததும் முதலில் அச்சுப்பொறி இயக்கியைப் புதிய பதிப்புக்குரியதாகத் தேடிச் சேர்த்து, சென்ற வாரக் கூலிப் பட்டியலை ஒரு முறை அச்சிட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம். மார்ச் மாதக் கணக்கு முடிப்பின்போதும், தீபாவளித் தள்ளுபடி விற்பனை நடக்கும் வாரங்களிலும், எந்த மாதத்திலும் சனிக்கிழமையன்றும் இக்காரியத்தைத் தொடவேண்டாம்.